எண்ணறிந்து ஆடினால் சூதாகாதா?

சூதாட்டம் தீது என்பதில் நம்மவருள் கருத்து வேற்றுமை இல்லை. கள்ளும் சூதும் தொழிலாளி வீட்டு அடுப்பை அணைத்த கதையை இந்நாட்டில் அறியாதார் யார்? ஆயினும் படித்த இளைஞர் சிலர் இப்போது வேறொரு வாதத்தைக் கொண்டு வருகின்றனர். “தாயம் உருட்டிப் பணம் வைப்பவன் மூடன், கனவிற் கண்ட எண்ணுக்குப் பணம் கட்டுபவன் அவனினும் மூடன். ஆனால் ஓர் ஆட்டத்தின் விதிகளைக் கற்று, புள்ளிகள் எவ்வாறு சேர்கின்றன என்பதை ஆராய்ந்து, கணக்கிட்டுப் பந்தயம் கட்டுபவன் மூடனல்லன். அவன் தன் பகுத்தறிவையே முதலாகப் போடுகின்றான். சரக்கின் விலை ஏறும் என்று மதித்து வாங்கி வைக்கும் வணிகனுக்கும் அவனுக்கும் என்ன வேற்றுமை?” என்பது அவர்தம் வாதம்.

பகுத்தறிவின் பெயரால் எழுப்பப்படும் வாதத்தை நரகத்தைக் காட்டி அடக்கிவிட முயல்வது நமக்கு அழகன்று. அதனைப் பகுத்தறிவினாலேயே சந்திக்க வேண்டும். அதற்கு நம்மவர் உள்ளம் அலைந்து திரியும் கால்பந்தாட்டம் ஏற்றதன்று. அங்கே நம் ஒவ்வொருவர்க்கும் ஒரு கட்சி உண்டு. ஆகவே நமக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் இல்லாத ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வட இங்கிலாந்திலும், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும், பப்புவா நியூகினியிலும் மக்கள் ஆட்டமாக விளங்கும் ‘ரக்பி லீக்’ அத்தகையது. நான் அறிந்த அளவில், புள்ளிக் கணக்கை அறிவதால் பந்தயம் கட்டுவோன் இவ்வளவு நன்மை பெறக்கூடிய ஆட்டம் வேறொன்று காண்பது அரிது. எதிர்வாதிக்கு மிகவும் சாதகமான களத்திலேயே அவருடன் நிற்போம்.

கணக்கைச் சொல்லுவேன். கட்சிக்குப் பதின்மூவர், நாற்பது நாற்பதாக எண்பது நிமிடம் ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’. அதற்கு நான்கு புள்ளி. அதன்பின் கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்துச் செலுத்த ஒரு வாய்ப்பு உண்டு. வென்றால் இன்னும் இரண்டு. எதிரி விதி மீறியதற்குத் தண்டனையாகக் கோலுக்கு உதைத்து வென்றால் இரண்டு. ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளி எழும் கணத்தில் உதைத்துச் சட்டத்துக்கு மேலே அனுப்பினால் ஒன்று. ஆஸ்திரேலியப் பெருங்குழுப் போட்டிகளில் 2021 முதல், நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து அவ்வாறு உதைத்தால் இரண்டு. இவ்வளவே கணக்கு.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். நான்கு, இரண்டு, இரண்டு: யாவும் இரட்டைப்படை. ஒற்றைப்படையாய் இருப்பது துள்ளுதையின் ஒரு புள்ளி மட்டுமே. ஆதலால் அவ்வொன்று விழாத ஆட்டத்தில் இரு கட்சியாரின் புள்ளிகளும் இரட்டைப்படையாகவே முடியும். அவற்றின் வேற்றுமையும் இரட்டைப்படையே. ஒரு கட்சி மற்றொன்றைப் பதின்மூன்று புள்ளியில் வெல்வது, பன்னிரண்டில் வெல்வதைவிட மிக அரிது என்பதை, ஓர் ஆட்டத்தையும் பாராமலே காகிதத்தில் கண்டுவிடலாம்.

இன்னொன்று. ட்ரை எங்கே அழுத்தப்பட்டதோ, அதற்கு நேர்க்கோட்டிலிருந்தே பின்னைய உதை எடுக்கப்படவேண்டும். மூலையில் அழுத்தினால் ஓரக்கோட்டிலிருந்து சாய்வாக உதைக்க வேண்டும். கம்பங்களுக்கு நடுவே அழுத்தினால் பள்ளிச் சிறுவனும் தவறவிடமாட்டான். எனவேதான் கோட்டைக் கடந்துவிட்ட வீரன், துரத்துவோர் நெருங்கியிராவிடில், உடனே பந்தை அழுத்தாமல் வளைந்து நடுவை நோக்கி ஓடுகின்றான். விதி அறியாதவன் கண்ணுக்கு அது செருக்கு. அறிந்தவன் கண்ணுக்கு நான்கை ஆறாக்கும் முயற்சி. பன்னிரண்டு புள்ளி முன்னே நிற்கும் தலைவன், ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், அற்பமான ஒரு புள்ளிக்காகத் துள்ளுதையைக் கட்டளையிடுவதும் அவ்வாறே. நிறைவான இரண்டு ட்ரைகள் பன்னிரண்டை ஈடுசெய்துவிடும், பதின்மூன்றை ஈடுசெய்யா. அந்த ஒரு புள்ளி எதிரியின் முன் ஒரு மதிலை எழுப்புகின்றது.

இப்படி ஆட்டத்தை எண்ணின் வழியே காண்பதில் உள்ள இன்பத்தை நான் குறைத்துச் சொல்லேன். அது அறிவின் இன்பமே. இப்புள்ளிகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆதியில் ‘ட்ரை’ என்பதற்குப் புள்ளியே கிடையாது. கோலுக்கு உதைக்க முயலும் உரிமையை மட்டுமே அது ஈட்டித் தந்தது. முயற்சி என்னும் பொருளுடைய அப்பெயரே அதற்குச் சான்று. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்தின் சங்கங்கள் கூடிப் பழைய ரக்பி யூனியனினின்றும் பிரிந்தன. பிரிவுக்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் சனிக்கிழமையும் உழைத்த தொழிலாளி ஆட்டத்துக்கு வந்தால் அந்நேரக் கூலியை இழப்பான். அதை ஈடுசெய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை 1893 இலேயே தென்னாட்டுக் கனவான்கள் தோற்கடித்திருந்தனர். கூலிக்கு வாழாதவனுக்குக் கூலி இழப்பு எங்ஙனம் விளங்கும்? பிரிந்து வந்தவர்கள் 1897 இல், எவ்வகைக் கோலாயினும் இரண்டே புள்ளி, ட்ரைக்கு மூன்று என்று விதித்தனர். உதைப்பதினும் கையிலேந்தி ஓடுவதே சிறப்பு என்று அவர்கள் மதித்தார்கள். 1983 இல் அம்மூன்று நான்காயிற்று. துள்ளுதையின் இரண்டு, 1970 களின் முற்பகுதியில் ஒன்றாயிற்று. ஆகப் புள்ளி என்பது வானிலிருந்து இறங்கிய எண் அன்று. எச்செயலைப் பாராட்டுவது என்று மனிதர் கூடிச் செய்த தீர்ப்பு. ‘எதிரி முறைகேடாய்த் தடுத்திராவிடில் ட்ரை விழுந்திருக்கும்’ என்று நடுவர் கருதினால், விழாத ட்ரைக்கே நான்கு புள்ளி வழங்கலாம் என்ற விதியும் இதிலுண்டு. அது தீர்ப்பே அன்றி வேறென்ன?

இனிப் பந்தயத்துக்கு வருவோம். வலிய கட்சியும் மெலிய கட்சியும் மோதினால் யார் வெல்வார் என்று பந்தயம் கட்டுவதில் சுவையில்லை. ஆகவே நம் மக்கள் ‘புக்கி’ என்று அழைக்கும் பந்தயத் தொழிலர் மெலிய கட்சிக்குப் புள்ளிகளை முன்கூட்டியே ஈந்து இருபுறத்தையும் சமன் செய்கின்றனர். ‘பன்னிரண்டரை’ என்று அவர் கோடிட்டால், வலிய கட்சி பதின்மூன்றோ அதற்கு மேலோ கூடுதலாகப் பெற்றாலன்றி அதன்மேல் கட்டியவன் தோற்றான். களத்தில் அரைப் புள்ளி என்று ஒன்று இல்லை; ‘சமன்’ என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரும் நிலை வாராதிருக்கப் படைக்கப்பட்டதே அந்த அரை.

இங்கேதான் கற்றவன் முகம் மலர்கின்றது. கோடு பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்கு நகர்ந்தால், இடையில் அகப்படுவது பன்னிரண்டு என்னும் அடிக்கடி விழும் எண். அது பெரிய மாற்றம். பன்னிரண்டரையிலிருந்து பதின்மூன்றரைக்கு நகர்ந்தால், இடையில் அகப்படுவது பதின்மூன்று என்னும் அரிய எண். அது ஏறக்குறைய மாற்றமே அன்று. கல்லாதவன் இரண்டையும் ஒரு புள்ளி என்றே எண்ணுவான். கற்றவன் வேற்றுமை காண்பான். எதிர்வாதி சொல்லும் அறிவு இதுவே. அது பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

ஆனால் அவ்வறிவு யாரிடம் இல்லை? கோடிட்டவரிடம் இல்லையா? அவர் கணக்கரை வைத்துக் கணக்கிடுகின்றார். ஆயிரம் ஆட்டங்களின் ஏட்டை முன்னே வைத்திருக்கின்றார். பதின்மூன்று அரிது என்பதை நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னரே அதை விலையில் சேர்த்துவிட்டார். அதற்கும் மேலாகத் தம் பங்கையும் எடுத்துக்கொள்கின்றார். இருபுறமும் சமம் என்று அவரே மதிக்கும் பந்தயத்தில், நூறு வெள்ளி கட்டி வென்றவனுக்கு நூறு வெள்ளி இலாபம் தருவதில்லை. தொண்ணூறளவே தருவது வழக்கம். நூறுமுறை இவ்வாறு நூறு நூறாகக் கட்டி, ஐம்பதில் வென்று ஐம்பதில் தோற்றவன் கணக்கைப் பாருங்கள். வென்றதில் 4500 வரவு. தோற்றதில் 5000 செலவு. சரிபாதி சரியாகச் சொல்லியும் 500 வெள்ளி நட்டம். நட்டமின்றி நிற்கவே நூற்றுக்கு ஐம்பத்து மூன்று முறை சரியாகச் சொல்ல வேண்டும். அந்த மூன்றுக்கு வேண்டிய அறிவு, விதிநூலைப் படித்தவன் அறிவன்று. கோடிட்டவரை வென்ற அறிவு. அது கோடியில் ஒருவருக்கு இருக்கலாம். இல்லாத மற்றையோர், அவ்வொருவர் தாமே என்று எண்ணுவதில்தான் இவ்வியாபாரம் முழுவதும் நிலைபெற்றிருக்கின்றது.

தாயம் உருட்டுபவனைவிட இவன் அபாயத்தில் இருக்கின்றான் என்றே நான் நினைக்கின்றேன். தாயத்தில் தோற்றவன் விதியை நொந்துகொண்டு எழுந்து போகக்கூடும். கற்றுத் தோற்றவன் எழமாட்டான். “கணக்குச் சரி, கடைசி நிமிடத்தில் ஒருவன் பந்தைத் தவறவிட்டான், அடுத்த முறை நேராகும்” என்பான். அறிவு அவனை விடுவிப்பதற்கு மாறாக, அவன் தங்குவதற்கு நியாயம் எழுதிக் கொடுக்கும் வக்கீலாகிவிடுகின்றது. மூடநம்பிக்கைக்கு இதுவே மிக நாகரிகமான உடை.

பழங்கதைகளுள் இவ்வினாவை நேராகத் தொட்டது நளன் கதை. புராணங்களில் நமக்குள்ள ஐயப்பாடு ஒருபுறம் இருக்கட்டும். கதை செய்தவன் கூர்மையானவன். சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னன் என்னும் வேந்தனுக்குத் தேரோட்டியாகின்றான். வழியில் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் அவ்வேந்தன் ஒரே நோக்கில் எண்ணிச் சொல்ல, நளன் இறங்கி எண்ணிப் பார்த்து வியக்கின்றான். தன் குதிரை வித்தையைக் கொடுத்து அவனுடைய எண் வித்தையைப் பெறுகின்றான். பெற்ற அக்கணமே அவனைப் பற்றியிருந்த கலி நீங்குகின்றது. புகழேந்தியார் நளவெண்பாவின் இறுதிப் பகுதிக்குக் கலிநீங்கு காண்டம் என்றே பெயர். பண்டை நாளில் சூதுக் காய் அத்தான்றிக் காயே என்பதையும் சேர்த்து நோக்கினால் கதையின் நுட்பம் விளங்கும். “பார்த்தீர்களா? எண் அறிந்தான், மீண்டும் ஆடி நாட்டை வென்றான்” என்று எதிர்வாதி மகிழலாம். மகிழட்டும். ஆனால் நளன் அவ்வித்தையைக் கொண்டு எத்தனை முறை ஆடினான்? தன்னை ஏமாற்றியவனுடன் ஒரே ஒரு முறை, இழந்ததை மீட்கும் அளவுக்கு மட்டும். அதன்பின் அவன் வாரந்தோறும் ஆடியதாகக் கதை இல்லை. எண்ணின் அறிவு அவனுக்கு வருவாய்த் துறை ஆகவில்லை, மருந்தாயிற்று.

வணிகனோடு ஒப்பிடும் வாதம் எஞ்சியுள்ளது. அரிசி விலை ஏறும் என்று மதித்து வாங்கி வைப்பவன் தவறினும், அரிசி இருக்கின்றது; ஒருவர் வயிற்றுக்குச் செல்கின்றது. கப்பற் சரக்குக்கு ஈட்டுறுதி எழுதுபவன் கடலில் முன்னரே உள்ள ஆபத்தைப் பலர் தோளில் பகிர்ந்து வைக்கின்றான். பந்தயம் கட்டுபவனோ, இல்லாத ஆபத்தொன்றைத் தன் வீட்டுக்கு விலை கொடுத்து வாங்கி வருகின்றான். விகனில் ஒரு கட்சி வெல்வதால் நம் வாசகர் வீட்டுக் கூரை ஒழுகப் போவதில்லை. பந்தயம் கட்டிய பிறகு ஒழுகும். அவ்வாறு கட்டி வெல்பவன் பெறும் பணம் எங்கிருந்து வருகின்றது? ஆட்டம் பணத்தை விளைவிக்கவில்லை. தன்னைவிடக் குறைவாக அறிந்த ஒருவனின் சம்பளத்திலிருந்தே அது வருகின்றது. ‘நான் அறிவினால் ஈட்டினேன்’ என்று அவன் கூறுவதை மொழிபெயர்த்தால், ‘அறியாதவன் ஒருவன் கிடைத்தான்’ என்பதாகும். கல்வியைப் பரப்புவதே கடமை என்று கொண்ட ஒரு கூட்டத்தாருக்கு, பிறர் அறியாமை நீடிக்க வேண்டும் என்று விரும்பவைக்கும் வருவாய் எப்படி ஒத்துவரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

எண்ணின் கலை சூதாடிகளின் வினாவிலிருந்தே பிறந்தது என்றும் சிலர் கூறுவர். உண்மை. இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்ற வினாவைப் பற்றி 1654 இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. அதனாலென்ன? அவ்விருவரும் பணயத்தை வெல்லும் வழியைத் தேடவில்லை. நியாயமாய்ப் பங்கிடும் வழியைத் தேடினார்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பதினெட்டுக்கு ஆறு என்று வலிய கட்சி முன்னே நிற்கின்றது. அரை நிமிடமே மீதம். இனி என்ன விழுந்தாலும் முடிவு மாறாது. ஆனால் பன்னிரண்டரைக் கோட்டில் பணம் வைத்தவனுக்கு ஆட்டம் அப்போதுதான் தொடங்குகின்றது. தன் கட்சி வென்றும் அவன் உள்ளம் துடிக்கின்றது. எவருக்கும் பயன்படாத ஒரு புள்ளிக்காக அவன் கத்துகின்றான். எதிர்க்கட்சிமேல் கட்டியவனோ, தான் நேசிக்கும் வீரன் உதை பிழைக்க வேண்டுமென்று வேண்டுகின்றான். கம்பத்தின் பின்னே வளைந்து ஓடும் ஓட்டத்தின் அழகைக் காணக் கற்ற அதே கண், இப்போது அவ்வழகை வெறுக்கின்றது. அறிவு ஆட்டத்தைத் திறந்து காட்டியது. பணம் அதை மூடிவிட்டது.

அந்நோய் களத்துக்குள்ளேயும் புகும் என்பதற்கு ஒரு சான்று. 2010 ஆகஸ்டில் நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் கட்சியும் கேன்டர்பரி புல்டாக்ஸ் கட்சியும் ஆடிய ஆட்டத்தில், முதற் புள்ளி கௌபாய்ஸ் உதைக்கும் தண்டனைக் கோலாகவே இருக்கும் என்பதன்மேல் வழக்கத்துக்கு மாறான பணம் குவிந்தது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே புல்டாக்ஸ் வீரர் ஒருவர் தம் கம்பங்களுக்கு முன்னே விதி மீறி எதிரிக்கு அத்தண்டனையை ஈந்தார். எளிதான இரண்டு புள்ளி கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் கௌபாய்ஸ் கோலுக்கு உதைக்கவில்லை. பந்தை விரைந்து எடுத்து ஓடினார்கள், ட்ரை அடித்தார்கள். இரண்டு வேண்டாம், நான்கு வேண்டும் என்று களத்தில் நின்றவர்கள் அக்கணத்தில் துணிந்தார்கள். திட்டமிட்டவர்களின் பணம் யாவும் போயிற்று. அவ்வீரர் 2011 இல் நீதிமன்றத்தில் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டு, ஆட்டத்தினின்றும் ஆயுட்காலம் விலக்கப்பட்டார். 2014 இல், முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆட்டத்தை உள்ளே இருந்து அறிந்தவர் அவர். புள்ளி அறிவில் நம்மில் யாரும் அவருக்கு ஈடாகோம். எல்லாம் அறிந்து விலை பேசியும், எதிரி ட்ரையை விரும்புவான் என்னும் ஒன்றை அவர் கணக்கில் சேர்க்க இயலவில்லை.

இவ்வளவு சொன்னதால், பந்தயம் கட்டும் ஏழையைச் சிறையில் தள்ளுக என்று நான் கூறுவதாகக் கொள்ளவேண்டா. அதையும் இங்கிலாந்து செய்து பார்த்திருக்கின்றது. 1906 இன் தெருப் பந்தயச் சட்டம், தெருமுனையில் ரொக்கமாகச் சில பென்னி கட்டிய ஆலைத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிற்று. கடன் கணக்கு வைத்திருந்த சீமான் தொலைபேசியில் நூறு பவுன் கட்டினால் அது குற்றமன்று. 1960 இன் சட்டம் வந்து, 1961 மே மாதம் கடைகள் திறக்கப்படும் வரை அந்த அநீதி நீடித்தது. ஒரே செயல் கையிருப்பைப் பொறுத்துப் பாவமும் பொழுதுபோக்கும் ஆகும் ஒழுக்கத்தை ஒழுக்கமென்று யாரும் நம்மிடம் விற்க வரவேண்டா. கனவான்களின் அதே ஓரவஞ்சனைதான் 1893 இல் கூலி ஈட்டையும் மறுத்தது.

கேட்க வேண்டியவர்கள் வேறு. கூலிக்காகப் பிறந்த அவ்விளையாட்டின் இங்கிலாந்துப் பெருங்குழுப் போட்டி, 2017 இல் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியப் போட்டியோ 2024 மார்ச்சில் தன் பருவத்தை அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் தொடங்கிற்று. அந்நாட்டுப் பந்தயப் பணத்தைக் கவருவதும் நோக்கங்களுள் ஒன்று என்பதை அதன் தலைவர்கள் மறைக்கவில்லை. 2023 ஜூனில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் குழு ஒன்று, இணையச் சூதாட்ட விளம்பரங்களை மூன்றாண்டுகளுக்குள் படிப்படியாக முற்றும் ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறுவர் தம் அபிமானக் கட்சியின் புள்ளியையும் அதன் பந்தய விலையையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் நிலை வந்துவிட்ட பிறகே அப்பரிந்துரை பிறந்தது.

இரு நண்பர் தேநீர்க் கடையில் அமர்ந்து, ‘இன்று பதினான்கில் வெல்வர்’, ‘இல்லை, பத்தில்தான்’ என்று வாதிட்டு, தோற்றவன் தேநீர்க் காசு கொடுப்பதைச் சூதென்று தூற்ற நான் முன்வரேன். அங்கே இடைத்தரகர் பங்கில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறிவர். தோற்றவன் குழந்தை பசியோடு உறங்காது. அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பக்கத்து மேசைச் சிறுவன் அந்த வீரன் ஏன் நேரே அழுத்தாமல் வளைந்து ஓடினான் என்று கேட்டால், கோணத்தையும் உதையையும் அவனுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அரைப் புள்ளி எதற்கு என்பதை அவன் கேட்கும் நாள் வரும்போது, 4500-ஐயும் 5000-ஐயும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.